டாக்டரம்மாவிடம் கேளுங்கள்: கதவோரம் நின்று சொன்னது

(மலைக்கு மேலே, கேரள எல்லையில் உள்ள குமுளியில் முப்பது வருடத்துக்கும் மேலாக கிளினிக் நடத்திவரும் டாக்டர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: இடுப்பு வலி என்று மாமியாரை மலைக்கு மேலே ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் மலையாளத்தில் கேட்டார், அத்தை தமிழில் ஏதோ சொன்னார். இரண்டே நிமிடத்தில் சீட்டு எழுதிவிட்டார். கைராசிக்காரர் என்கிறார்கள். ஆனால் அத்தை, ‘நான் சொன்னத அவரு கேக்கவே இல்ல’ என்று மாய்ந்துபோகிறார். மறுபடி அவரிடமே போகலாமா?
– வாசகி, கூடலூர்

போங்கள் அம்மா. ஆனால் அத்தை சொல்வது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பல வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண் கையில் இருமல் மருந்து பாட்டிலோடு வந்தார். ஏற்கெனவே வேறு இடத்தில் காட்டியிருக்கிறார்.

“இருமலா தாயி?”

“இருமலே இல்லம்மா. ‘சும உண்டோ’ன்னு கேட்டாரு. ஆமா, பச்சக்காய் மூட்ட தூக்குவேன்னு சொன்னேன்.”

மலையாளத்தில் சும என்றால் இருமல். நாம் தூக்கும் சுமைக்கு அவர்கள் சுமடு என்பார்கள். பனி என்றால் காய்ச்சல் என்பதை, கீழேயிருந்து தோட்ட வேலைக்கு ஜீப்பில் வந்து போகிறவர்கள் ஒரு வாரத்தில் தெரிந்துகொள்கிறார்கள். இந்தச் சுமை மட்டும் பலரை ஏமாற்றிவிடுகிறது.

சரி, மொழிதான் சிக்கல், நமக்குத்தான் தமிழ் தெரியுமே என்று நான் நினைத்துக்கொண்டேன். இடுப்பு வலி என்றார். எழுதிக்கொண்டே நாலு கேள்வி கேட்டேன், மாத்திரை கொடுத்தேன். எழுந்து போனவர் கதவுத் திரையைப் பிடித்தபடி நின்றுவிட்டார். வெளியே பெஞ்சில் கங்காணி உட்கார்ந்திருந்தார். திரையின் ஓரத்தை அந்தம்மா விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். ஏலக்காய்க் கறை ஏறிக் கறுத்த விரல்கள். பேனாவை வைத்துவிட்டு, “இன்னும் ஏதாவது சொல்லணுமா?” என்றேன். கதவைச் சாத்திவிட்டு வந்து, “அடி எறங்கிக் கெடக்கும்மா, மூணு வருசமா” என்றார்.

கருப்பை இறக்கம். துணியை வைத்துக் கட்டிக்கொண்டு மூன்று வருடம் மூட்டை தூக்கியிருக்கிறார். அந்த மூன்று வருடத்தில் எத்தனை டாக்டர்களைப் பார்த்திருப்பார்! தமிழ் தெரிந்த நானும் பேனாவைக் கீழே வைத்த பிறகுதான் அவர் வாய் திறந்தது.

1984ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. டாக்டரும் நோயாளியும் பேசிய 74 உரையாடல்களைப் பதிவு செய்து கேட்டிருக்கிறார்கள். நோயாளி சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கே பேசிவிடுகிறார். முழுக்கச் சொல்லி முடித்தவர்கள் நாலில் ஒருவர்கூட இல்லை. ‘கூட்டம் நிக்குது, எல்லார் கதையும் கேட்க நேரமேது’ என்று என் சக டாக்டர்கள் சொல்வார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன். தடுக்காமல் விட்டால் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசுகிறவர் அபூர்வம். அப்படிப் பேசவிடுவதை நான் இரக்கத்தின் கணக்கில் எழுத மாட்டேன். நோயைக் கண்டுபிடிக்க அதைவிடக் குறுக்கு வழி எனக்குத் தெரியாது.

அத்தையைக் கூட்டிப் போகும்போது, எது எத்தனை நாளாக, எப்போது அதிகம், வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா என்று வீட்டிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மலையாளம் தெரிந்த நர்ஸ் யாரையாவது கூட நிற்கச் சொல்லுங்கள். அத்தை பேசும்போது நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். மருமகள்களும் 18 விநாடியில் குறுக்கிடுவதை நான் தினமும் பார்க்கிறேன்.

கேள்வி: சந்தேகம் கேட்டால் டாக்டர் எரிந்து விழுகிறார். கேட்பது தப்பா?
– வாசகர், உத்தமபாளையம்

தப்பே இல்லை. என்ன நோய், இந்த மாத்திரை எதற்கு, மறுபடி எப்போது வர வேண்டும்? இந்த மூன்றையும் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கோபப்பட்டால் கொஞ்சம் பொறுத்து, தணிவாக மறுபடி கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குக் கேன்சர் முற்றிவிட்டது. அவரிடம் சொல்லக் கூடாது என்று அண்ணன்கள் சொல்கிறார்கள். வலியில் ராத்திரி முழுக்க முனகுகிறார். மார்ஃபின் கொடுத்தால் போதைக்கு அடிமையாகிவிடுவார் என்று பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், கம்பம்

தம்பி, என் அய்யாவுக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்த நாளில் நானும் பக்கத்தில் நின்றேன். அந்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, நானும் டாக்டர் என்பதால் எல்லாவற்றையும் என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். அய்யா ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவர், திராட்சைத் தோட்டக்காரர். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, வேட்டி முனையைத் தொடையில் வைத்து நீவிக்கொண்டே இருந்தார். டாக்டர் போனதும், “எத்தன நாள் சொன்னாரு?” என்றார். “அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல அய்யா” என்றேன். அதன்பிறகு என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. கிணற்றுப் பங்கு, தம்பிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, அம்மாவின் மருந்துச் செலவு எல்லாவற்றையும் ராத்திரியில் தனியாகப் படுத்து யோசித்திருக்கிறார். இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அப்பாவிடம் பக்கத்தில் உட்கார்ந்து, ‘ஒங்களுக்கு என்ன தோணுதுப்பா?’ என்று மட்டும் கேளுங்கள். அவர் கேட்கிற அளவுக்குச் சொல்லுங்கள். கேட்காததைத் திணிக்க வேண்டாம், கேட்டதை மறைக்கவும் வேண்டாம்.

அப்புறம் மார்ஃபின். கேன்சர் வலிக்கு டாக்டர் அளவு பார்த்து வாய்வழியாகக் கொடுக்கும்போது அடிமையாவது மிக அரிது. சாதாரண மார்ஃபின் மாத்திரை என்றால் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி வரும்வரை காத்திருக்காமல் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதனால் மலம் இளக்கும் மருந்தும் சேர்த்தே எழுதுவோம். 1985ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வைத்திருப்பதையே விட்டுவிட்டன. வலியில் கிடந்தவர்கள்தான் அதற்கு விலை கொடுத்தார்கள். 2014ல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

கேரளா இதில் நமக்கு முன்னோடி. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் கோழிக்கோட்டில் 1993ல் வலி தணிக்கும் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். ஊர் மக்களே தன்னார்வலர்களாகச் சேர்ந்தார்கள். 2008ல் அரசே இதற்கென்று கொள்கை அறிவித்தது. இன்று மலைக்கு மேலே பஞ்சாயத்து நர்ஸ் படுத்திருப்பவரின் வீட்டுக்கே வந்து புண்ணைக் கழுவிக் கட்டுகிறார். நீங்கள் கீழே கம்பத்தில் இருப்பதால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம், இந்தப் பராமரிப்பும் அதில் சேர்த்தி. நாளைக்கே போங்கள். அப்பா இன்னொரு ராத்திரி முனக வேண்டியதில்லை.

கேள்வி: எம்.பி.பி.எஸ். கடைசி வருடம் படிக்கிறேன். நோயாளியிடம் பேசுவது பற்றி எங்களுக்கு வகுப்பு உண்டு, மார்க்கும் வாங்கினேன். ஆனால் வார்டில் ஒரு பாட்டி அழுதபோது கேஸ் ஷீட்டைப் பார்ப்பதுபோல ஒதுங்கிவிட்டேன். நான் இதற்கு லாயக்கில்லையோ?
– மாணவி, போடி

மகளே, அது உன்னை உறுத்தியிருக்கிறது, எழுதிக் கேட்டிருக்கிறாய். லாயக்குதான். 2019ல் பாடத்திட்டத்தை மாற்றி இந்த வகுப்பைச் சேர்த்தபோது நான் சந்தோஷப்பட்டேன். எங்கள் காலத்தில் இதெல்லாம் கிடையாது.

எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் என்ற இங்கிலாந்து சர்ஜனைக் கேள்விப்பட்டிருக்கிறாயா? 1922ல் மலையிலிருந்து திரும்பும் வழியில் தெற்கே நெய்யூர் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம், அப்போது திருவிதாங்கூர். வாசல் நிறைய நோயாளிகள், உள்ளே ஒரே ஒரு சர்ஜன். பார்த்த பிறகு அவரால் ஒதுங்கிப்போக முடியவில்லை. லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு நெய்யூருக்கே வேலைக்கு வந்து, பல வருடம் அங்கேயே இருந்தார்.

அடுத்த முறை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பாட்டியின் கண்மட்டத்துக்கு உட்கார். பேனாவைப் பைக்குள் வை. ‘அழாதீங்க’ என்று சொல்லாதே. குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சும்மா இரு. காலையில் ஸ்டெதாஸ்கோப்பை வைக்குமுன் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொள், வயசான உடம்புக்குச் சில்லென்று பட்டால் தூக்கிவாரிப்போடும்.

லீவு விட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் குமுளிக்கு வா. அன்றைக்குத் தோட்டத்துக்கு ஜீப் கிடையாது, பெண்கள் எல்லாரும் கிளினிக்குக்குத்தான் வருவார்கள். என் பக்கத்தில் உனக்கும் ஒரு நாற்காலி போடுகிறேன். நான் எழுதிக்கொள்கிறேன், நீ கேள்.