'ஓட்டோதான் வசதியாம்'

கேள்வி: எனக்கு வயது 49. தெஹிவளையில் இருக்கிறேன். ஒன்பது வருடமாக பிஎம்டபிள்யூ 320டி ஓடுகிறேன், 2013ஆம் ஆண்டு வண்டி. அந்தச் சின்னத்தை விட்டு வேறொன்றில் கை வைக்க மனம் வராது. ஆனால் கராஜ் பில் ஏறிக்கொண்டே போகிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது எஞ்சினின் பின்பக்கம் ஏதோ உரசும் சத்தம் வேறு. மாற்றாக பென்ஸ் சி கிளாஸ், அவுடி ஏ4, லெக்சஸ் ஐஎஸ் 300எச் மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். ஓட்டும் சுகம் குறையக் கூடாது, 18 அங்குல ரிம் வேண்டும். நான், மனைவி, ஏ/எல் படிக்கும் மகள், அம்மா என்று சின்னக் குடும்பம். அம்மா காரில் அவ்வளவாக வருவதில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் மாதக் கிளினிக்குக்கும் ஓட்டோவில் போவா, அவவுக்கு அதுதான் வசதியாம். எதை எடுக்கலாம்?

பதில்: தம்பி, கடிதத்தில் ரிம் எத்தனை அங்குலம் என்று இருக்கிறது. அம்மாவுக்கு எத்தனை வயது என்று இல்லை. கார் மாற்ற நினைக்கிறவர்களின் கடிதங்கள் எல்லாம் இப்படித்தான் வருகின்றன: பிராண்ட், பில், ரிம். ஒன்பது வருடம் பழகிய காரைப் பிரிவது கஷ்டம்தான் என்று முதுகைத் தடவிக்கொண்டிருக்க மாட்டேன். போகிற போக்கில் ஒன்று எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்களே, அந்த இடத்துக்குத் திரும்பி வாருங்கள்.

வசதி என்று எழுதவில்லை, வசதி'யாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டதைச் சொல்கிறீர்கள், கண்டதை இல்லை. அம்மா உங்கள் காரில் ஏறி இறங்குவதைக் கடைசியாக எப்போது பக்கத்தில் நின்று பார்த்தீர்கள்?

ஓட்டோவில் ஏறுவதைப் பாருங்கள். கதவு இல்லை. கால் தூக்கித் தாண்ட வேண்டிய விளிம்பு இல்லை. சாரதிக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, திரும்பினால் இருக்கை. உங்கள் 320டியில் தலையைக் குனிந்து, முதுகை வளைத்து, பின்பக்கமாகத் தாழ்ந்து தாழ்ந்து போய், கடைசி மூன்று நாலு அங்குலம் பொத்தென்று விழ வேண்டும். இறங்குவது அதைவிடக் கொடுமை. இடுப்பு முழங்காலை விடத் தாழ்ந்து கிடக்கும்போது எழும்புவதென்றால் முழு உடம்பையும் தொடைத் தசைதான் தூக்கவேண்டும். தேய்ந்த முழங்கால் சத்தம் போடுவது அந்தக் கோணத்தில்தான். பிடித்து எழும்ப இருப்பது கதவு ஒன்று. அதுவும் ஆடும்.

இதைச் சொன்னால் மகனின் ஆசைக் காரைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று 'ஓட்டோதான் வசதி' என்று முடித்துவிட்டா. எங்கள் அம்மாமார் வேறெப்படிச் சொல்லுவினம்? காலி வீதியில் இரண்டு பஸ்ஸுக்கு நடுவே, பெல்ட் இல்லாமல், புகையைக் குடித்துக்கொண்டு அவ மயூராபதி அம்மனிடம் போகிறா. மகன் வீட்டிலிருந்து 18 அங்குல ரிம் தேடுகிறார். கொஞ்சம் வெட்கப்படுங்கள். வீட்டுக்கு ஒரு கார்தான் என்றால், அதில் ஏற யாருக்கு ஆகக் கஷ்டமோ அவருக்குத்தான் அந்தக் கார் முதலில் பொருந்தவேண்டும். ஓட்டுகிறவரின் சுகம் அதற்குப் பிறகுதான். இதில் என்னிடம் விட்டுக்கொடுப்பு கிடையாது.

புதுக் கார் வரும்வரை அம்மாவை ஓட்டோவில் விடவும் வேண்டாம். இந்த வெள்ளிக்கிழமையே இதைச் செய்யலாம். அம்மாவை முன் இருக்கையில் இருத்துங்கள். முன் கதவுதான் அகலம், இருக்கையையும் முழுதாகப் பின்னுக்குத் தள்ளலாம். மனைவி பின்னால் இருக்கட்டும். முன் இருக்கை மனைவிக்கு என்று சட்டம் எதுவும் இல்லை. காரை நடைபாதைக் கல்லோடு ஒட்டி நிறுத்தாதீர்கள். அம்மா கல்லின் மேல் நின்றால், அந்தக் கல்லின் உயரம் அவ்வளவும் இருக்கை இன்னும் தாழ்ந்த கணக்கு. ஒரு மீற்றர் தள்ளி நிறுத்தினால் அவ தார் ரோட்டில் நின்று ஏறலாம். முதலில் பின்னங்கால் இரண்டும் இருக்கையில் முட்டும்வரை பின்னால் வரவேண்டும், பிறகு உட்காரவேண்டும், அதற்குப் பிறகுதான் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பவேண்டும். இருக்கையில் வழுவழுப்பான ஷொப்பிங் பை ஒன்றை விரித்துவிட்டால் திரும்புவது சுலபம். திரும்பிய பிறகு அதை உருவி எடுத்துவிடுங்கள், பிரேக் பிடிக்கும்போது வழுக்கும். கைபிடிக்கக் கதவைக் காட்டாதீர்கள், உங்கள் முன்கையைக் கொடுங்கள்.

இனி கார். ஷோரூமுக்குப் போகுமுன் சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றை எடுங்கள். அதன் மேல் பெட்ஷீற்றை மடித்து மடித்து அடுக்குங்கள். அம்மாவை உட்காரச் சொல்லி, கையை ஊன்றாமல் எழும்பச் சொல்லுங்கள். முடியாவிட்டால் இன்னொன்று அடுக்குங்கள். மூச்சுப் பிடிக்காமல் எழும்பும் உயரம் வந்ததும், அவ உட்கார்ந்திருக்கும்போதே தரையிலிருந்து இருக்கையின் மேல் விளிம்புவரை அளவு நாடாவால் அளவுங்கள். ஆளின் பாரத்தில் மெத்தை அமுங்கும், அதனால் வெறும் இருக்கையை அளந்து பயனில்லை. அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து இரண்டு அங்குலம் கூடலாம். அதற்கு மேல் போனால் பெரிய ஜீப்பில் ஏறுகிற மாதிரித் தொங்க வேண்டிவரும், அதுவும் கூடாது. இன்னொரு அளவும் வேண்டும்: காரின் உள்தரையிலிருந்து இருக்கை எவ்வளவு உயரம் என்பது. வெளியிலிருந்து பார்த்தால் உயரமாகத் தெரியும் மின்சாரக் கார்கள் பலவற்றில் பற்றரி தரைக்கடியில் இருப்பதால் உள்தரை மேலே வந்துவிடும். உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சை நோக்கி எழும்பி நிற்கும். அரை மணித்தியாலம் ட்ராஃபிக்கில் நின்றால் அம்மாவுக்குக் கால் விறைத்துவிடும்.

இந்த நாடாவை வைத்துப் பார்த்தால் உங்கள் பட்டியல் என்ன ஆகிறது? சி கிளாஸ், ஏ4, ஐஎஸ் மூன்றும் தாழ்ந்த செடான். ஐஎஸ்ஸில் பின் இருக்கை இன்னும் ஒடுக்கம். சின்னத்தை மாற்றிவிட்டு உயரத்தை அப்படியே வைத்திருக்கப் பார்த்திருக்கிறீர்கள்.

சின்னத்தையும் விடாமல் தப்ப ஒரு வழி உண்டு. அதே பிஎம்டபிள்யூவின் எக்ஸ்1, 2015இல் வந்த இரண்டாம் தலைமுறை. 18ஐ (18i) மொடலில் 1.5 லீற்றர், மூன்று சிலிண்டர் டர்போ பெற்றோல் எஞ்சின். இருக்கை உங்கள் 320டியை விடத் தெளிவாக உயரம், கதவும் நன்றாகத் திறக்கும். ஆனால் முன்சக்கரம்தான் இழுக்கும், ஆகவே நீங்கள் சொல்லும் 'சுகம்' கொஞ்சம் குறையும். குறையட்டும். 92 ஒக்டேன் ஊற்றாதீர்கள், பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் ஊசியும் டர்போவும் உள்ள எஞ்சினுக்கு 95தான். காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடக்கூடிய ரன்ஃபிளாட் ரயர் இருந்தால் அடுத்த ரயர் மாற்றும்போது சாதாரண ரயருக்குப் போங்கள், ஸ்பெயார் இல்லாததால் காற்றடிக்கும் பம்ப் ஒன்றையும் வாங்கி வையுங்கள். ரன்ஃபிளாட்டின் பக்கச் சுவர் விறைப்பு. ஒவ்வொரு குழியும் அம்மாவின் இடுப்பில்தான் விழும். 18 அங்குல ஆசைக்கும் இதே பதில்: ரிம் பெரிதானால் ரயரின் பக்கச் சுவர் குட்டையாகும். 17 போதும்.

என்னைக் கேட்டால் லெக்சஸ் என்எக்ஸ் 300எச். இல்லையென்றால் அதே 2.5 லீற்றர் ஹைபிரிட் எஞ்சின் உள்ள டொயோட்டா ஹேரியரின் 2020க்கு முந்திய தலைமுறை. ஹேரியரில் லெக்சஸ் சின்னம் இல்லை என்று மனம் கோணுகிறதா? 1997இல் வந்த முதல் ஹேரியரே வெளிநாட்டில் லெக்சஸ் ஆர்எக்ஸ் என்ற பெயரில்தான் விற்றது. இரண்டின் கியர்பெட்டியிலும் பெல்ட்டும் இல்லை, கிளச் தட்டும் இல்லை, பல்சக்கரமும் மோட்டாரும்தான். பொரளையிலும் வெள்ளவத்தையிலும் அங்குலம் அங்குலமாக நகரும் ஓட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. சிறிய அவுடிகள் சிலவற்றில் வரும் ஏழு வேக உலர் கிளச் (எண்ணெயில் நனையாத கிளச்) கியர்பெட்டியை யாரும் உங்களிடம் தள்ளப் பார்த்தால் விலகுங்கள். நகர்ந்து நகர்ந்து நிற்கும்போது கிளச் அரைகுறையாக வழுக்கிக்கொண்டே இருக்கும், எங்கள் வெக்கையில் சூடேறித் தேயும். ஹைபிரிட்டிலும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும்: மேட்டில் அழுத்தினால் எஞ்சின் அலறும், வண்டி ஆறுதலாக வரும். பழகிவிடும்.

காற்றுப் பைச் சஸ்பென்ஷன் உள்ள பெரிய ஜீப்புகளைக் காட்டி, 'ஏறும்போது தாழும், அம்மாவுக்கு நல்லது' என்று விற்க வருவார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். பத்து வயதான வண்டியில் பையின் ரப்பர் வெடித்துக் காற்றுக் கசியும், கசிவை ஈடுகட்ட கொம்ப்ரெஸர் ஓடி ஓடி அதுவும் எரியும். பையோடு கொம்ப்ரெஸரையும் சேர்த்து மாற்றவேண்டி வரும்.

2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. பெற்றோல் காருக்கு உற்பத்தி வரி எஞ்சின் சிசியைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். அதனால் புதிதாக இறக்கும் 2.5 லீற்றர் கை சுடும். நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் 2020 தடைக்கு முந்தி வந்த வண்டி. அப்படியென்றால் ஹைபிரிட் பற்றரிக்கும் அதே வயது.

பின் இருக்கையின் அடியில் சின்னக் காற்றுத்துளை இருக்கும், பற்றரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகத்தான் போகிறது. டோர்ச் அடித்துப் பாருங்கள். தூசியும் மயிரும் அடைத்திருந்தால் அந்தப் பற்றரி வெந்துகொண்டுதான் ஓடியிருக்கிறது. வாங்கிய பிறகு நீங்களும் சீற் கவர், விரிப்பு என்று போட்டு அதை மூடிவிடாதீர்கள். ஸ்கானர் பிடித்து, ஏறுமேட்டில் ஓடும்போது பற்றரியில் செல்கள் சேர்ந்த ஒவ்வொரு ப்ளொக்கின் வோல்ற்றேஜையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் சேர்ந்து இறங்கிச் சேர்ந்து ஏறவேண்டும். ஒன்று மட்டும் தனியாகச் சரிந்தால் விலகிவிடுங்கள். 'செல் மாத்தினது, இப்ப புதுசு மாதிரி' என்றால் இன்னும் கவனம்: மாற்றிய செல் ஒன்றிரண்டு, மிச்சம் பழசு. ஆறு மாதத்தில் அடுத்தது விழும்.

சீற் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். நுனியில் சேற்றுக் கறை இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றது. ஸ்பெயார் ரயர்க் குழியையும் இருக்கைத் தண்டவாளத்தையும் துரு பிடித்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டியென்றால் பிரேக் பாட்டை அழுத்தும் காலிப்பரின் ஊசிகள் (பின்கள்) நகருகின்றனவா என்று கேளுங்கள். ஹைபிரிட்டில் மோட்டாரே பாதி பிரேக் பிடித்துவிடுவதால் பாட் தேயாது, ஆனால் உப்புக் காற்றில் அந்த ஊசிகள் இறுகிவிடும். ஜப்பானில் ஏலம் போனபோது வண்டியின் நிலையும் மைலேஜும் குறித்த ஏலத் தாளை விற்பவர் நீட்டினால் வாங்கி வைத்துக்கொண்டு, செஸி இலக்கத்தைக் கொடுத்துத் தனியாகச் சரிபாருங்கள். மைலேஜ் சுற்றியது அங்கேதான் பிடிபடும்.

உங்கள் 320டி பற்றியும் ஒரு சொல். 2013 என்றால் என்47 டீசல் எஞ்சின். அதில் டைமிங் சங்கிலி கியர்பெட்டிப் பக்கம், எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினில் அங்கிருந்து உரசல் கேட்டால் முதல் சந்தேகம் சங்கிலியும் அதன் வழிகாட்டியும்தான். மாற்றுவதென்றால் கியர்பெட்டியை, பல நேரம் எஞ்சினையே, இறக்கவேண்டும். கூலி பாகத்தைவிட ஏறுவது அதனால்தான். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், எஞ்சின் முடிந்தது. ஒரு நல்ல மெக்கானிக்கைக் கொண்டு சத்தத்தை உறுதிப்படுத்தி, ஒன்றில் செய்துவிட்டு விற்றுவிடுங்கள், இல்லையென்றால் வாங்குகிறவரிடம் சொல்லி விலையைக் குறையுங்கள். எஞ்சினைச் சூடாக்கி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுகிற வேலை வேண்டாம். அந்தக் காரிலும் யாரோ ஒருவரின் அம்மா ஏறுவா.

கார் பார்க்கப் போகும்போது அம்மாவையும் நாடாவையும் கொண்டு போங்கள். விற்பவர் முதலில் போனற்றைத் திறப்பார். நீங்கள் இடது முன் கதவைத் திறந்து அம்மாவை ஏறச் சொல்லுங்கள். மூன்று தரம் ஏறி இறங்கட்டும். 'பரவாயில்லை, பரவாயில்லை' என்பா. அவவின் வாயைப் பார்க்காதீர்கள், கை எதைப் பிடிக்கத் தேடுகிறது என்று பாருங்கள்.