நெபுலாவைப் படமெடுக்க கேமராவை ஏன் மாற்றியமைக்க வேண்டும்? வடசென்னை மாடியிலிருந்து எடுக்க முடியுமா?

நெபுலா என்பது விண்மீன்களுக்கு இடையே பரந்து கிடக்கும் வாயு, தூசி மேகம். அதில் பெரும்பகுதி ஹைட்ரஜன். அருகிலுள்ள சூடான விண்மீன்களின் புறஊதா ஒளி பட்டால் அது 656 நானோமீட்டரில் ஆழ்ந்த சிவப்பாக ஒளிரும்.

சிக்கல் இங்கேதான். கேமரா சென்சாருக்கு முன்னால் ஒரு மெல்லிய கண்ணாடி வடிகட்டி இருக்கிறது. அகச்சிவப்பைத் தடுத்து, நிறங்களை நம் கண் பார்ப்பதுபோல் காட்டுவது அதன் வேலை. கொசுவலை அடித்த ஜன்னல் கடற்காற்றையும் மட்டுப்படுத்துமே, அதுபோல இது நெபுலாவின் சிவப்பிலும் பெரும்பகுதியை நிறுத்திவிடுகிறது. மாற்றியமைப்பது என்றால் அதைக் கழற்றுவது, அல்லது அந்தச் சிவப்பை விடும் வேறொன்றைப் பொருத்துவது. அப்புறம் பகல் படங்கள் செம்மையேறிவிடும். பழைய கேமராவில் செய்யுங்கள்.

சரி, எண்ணூர், மணலி, துறைமுக வெளிச்சத்துக்கு நடுவே முடியுமா? தாராளமாக முடியும். ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடும் குறுகிய அலைவரிசை வடிகட்டியைப் போட்டால் தெருவிளக்கு ஒளி பெரும்பாலும் ஒதுங்கிவிடும். வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் தாங்கியும் அவசியம். சில நிமிடப் படங்கள் பலவற்றை எடுத்து மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள். ஜனவரி இரவில் லென்ஸின் முன்கண்ணாடியில் ஈரம் படிந்தால் துணியால் துடைக்காதீர்கள், அதில் ஒட்டியிருக்கும் தூசி கண்ணாடியைக் கீறக்கூடும். ஹேர் டிரையரின் இளஞ்சூடு போதும்.

டெலஸ்கோப்பின் உருப்பெருக்கம்தான் முக்கியம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஓரியன் நெபுலா வானில் முழுநிலவைவிட அகலமானது, அதற்குத் தேவை பெருக்கம் அல்ல, நிறைய ஒளி.