வாசகர் கேள்வி – பதில்: பட்டாளத்தாரின் அன்றாடம்

கேள்வி: என் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் பணியாற்றியவர், 1971 போரில் மேற்கு எல்லையில் இருந்தவர். போரைப் பற்றி எப்போது கேட்டாலும், “ராத்திரி முழுக்க மண்ணைக் குத்திக்கிட்டே கிடந்தோம்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். சண்டையிட்டதாக ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. எதையேனும் மறைக்கிறாரா? (கல்லூரி மாணவர், காட்பாடி)

பதில்: மறைக்கவில்லை, தாம் செய்த வேலையைத்தான் அப்படியே சொல்லியிருக்கிறார். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ், பாலம் அமைப்பது, சாலை போடுவது, கண்ணிவெடிகளைப் புதைப்பது, எதிரி புதைத்தவற்றைத் தேடி எடுப்பது ஆகிய பணிகளுக்காகவே இருக்கும் படை. தாத்தா ‘மண்ணைக் குத்தியது’ என்று சொல்வது அநேகமாகக் கண்ணிவெடி தேடியதைத்தான். குப்புறப் படுத்தபடி, மெல்லிய குத்துக்கம்பியை மண்ணுக்குள் சாய்வாகச் செருகிப் பார்த்துக்கொண்டே சாண் சாணாக முன்னேற வேண்டும். கம்பியை நேர்க்குத்தாக இறக்கினால் வெடியின் மேல்தட்டில் அழுத்தம் விழுந்துவிடும் என்பதால்தான் அந்தச் சாய்வு. டாங்கிகளை வீழ்த்தும் பெரிய வெடிகளுக்கு இடையே, ஆள் கால் வைத்தாலே வெடிக்கும் சிறிய வெடிகளையும் கலந்து புதைத்திருப்பார்கள். பெரியதை எடுக்க வருகிறவரைத் தடுப்பதற்கான ஏற்பாடு அது. தேடி முடித்த இடத்தின் இரு ஓரங்களிலும் வெள்ளை நாடா கட்டி, பின்னால் வரும் டாங்கிகளுக்கு வழி காட்ட வேண்டும். இவை அனைத்தும் இருட்டில், தலைக்கு மேல் பீரங்கிக் குண்டுகள் பறந்துகொண்டிருக்கும்போது நடந்தாக வேண்டும்.

1971 டிசம்பர் 15ஆம் நாள் இரவு, பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரையில் இப்படித்தான் பாதை வெட்டப்பட்டது. வெட்டியது 9ஆவது என்ஜினீயர் ரெஜிமென்ட். அதுவும் மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்ததே. வேலை முழுவதும் முடிவதற்குள்ளாகவே, அக்கரையில் இருந்த காலாட்படையைக் காக்க டாங்கிகள் அந்தக் கண்ணிவெடி நிலத்தைக் கடந்து சென்றன. மறுநாள் டாங்கிப் போரில் உயிர்நீத்துப் பரம்வீர் சக்கரம் பெற்ற அருண் கேத்ரபாலைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்; அவருடைய டாங்கி உருண்டு சென்ற பாதையை யார் திறந்தார்கள் என்பதைப் பெரியவர்களும் கேட்பதில்லை. விடுப்பில் வந்த பட்டாளத்தாரிடம் எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று விசாரிப்பது நம் பக்கத்து வழக்கம். தாங்கள் அதை விட்டுவிட்டு, ஓர் இரவில் எத்தனை கெஜம் குத்தினீர்கள், கம்பி எதிலாவது தட்டினால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். தாத்தா நிறையப் பேசுவார் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில், முதல் உலகப் போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றதாகவும் அவர்களில் 14 பேர் உயிர் துறந்ததாகவும் ஆங்கிலத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அக்காலத்தில் கடல் கடந்து சென்றவர்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள்? (சைதாப்பேட்டை, வேலூர்)

பதில்: மதராஸ் மாகாணத்துச் சிப்பாய்கள் பல போர்முனைகளுக்குச் சென்றார்கள் என்றாலும், இன்றைய இராக்கான மெசபடோமியாவை எடுத்துக்கொண்டால் அவர்களுடைய அன்றாடம் நன்கு விளங்கும். கப்பல்கள் வந்து சேர்ந்த பாஸ்ரா துறைமுகத்தில் பெருஞ்சரக்கை இறக்கப் போதிய துறைமேடைகள் இல்லை. உள்நாட்டுக்குச் செல்லச் சாலைகள் இல்லை. டைகிரிஸ் ஆறு ஒன்றே வழி, அதற்கும் படகுகள் பற்றாக்குறை. ஆகவே துறைமேடை கட்டுவது, சாலைக்கு மண் கொட்டுவது, இருப்புப்பாதை போடுவது, இளவேனிலில் ஆறு பெருகும்போது கரையை உயர்த்துவது என்று ஒவ்வொன்றையும் படையுடன் சென்றவர்களே செய்ய வேண்டியிருந்தது. கோடையில் நிழலிலேயே 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊர் அது. நம் வேலூர் வெயிலில் பழகிய உடம்புக்கும் மூடிய கூடாரத்துக்குள் பகலைக் கழிப்பது எளிதாக இருந்திருக்காது. ஈயும் வயிற்றுப்போக்கும் காலராவும் எதிரியின் குண்டுக்குச் சளைக்காமல் ஆட்களைப் படுக்கையில் தள்ளின.

உணவு ஒரு தனித் துயரம். 1915 டிசம்பரில் துருக்கியப் படை முற்றுகையிட்ட, டைகிரிஸ் கரையிலுள்ள கூட் நகரில் நம் படையின் கையிருப்பு கரைந்தபோது குதிரை இறைச்சி வழங்கப்பட்டது. சமயக் கட்டுப்பாடு காரணமாக இந்தியச் சிப்பாய்கள் பலர் அதைத் தொட மறுத்தார்கள், காய்கறியும் கிடைக்காமல், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்கு ஆளானார்கள். 1916 ஏப்ரல் 29 அன்று ஏறத்தாழ 13,000 பேர் சரணடைந்தார்கள். துப்பாக்கி ஏந்தியவர்களோடு சமையற்காரர்களும், தண்ணீர் சுமந்தவர்களும், கோவேறு கழுதை ஓட்டிகளும் அதில் அடக்கம்.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா போர்முனையிலிருந்து அனுப்பிய அஞ்சலட்டை ஒன்று வீட்டில் உள்ளது. அதில் அச்சடித்த ஆங்கில வரிகள் சிலவற்றைக் கோடிட்டு அடித்திருக்கிறாரே தவிர, சொந்தமாக ஒரு வரியும் எழுதவில்லை. வீட்டின் மீது அவ்வளவுதானா பற்று? (ஆரணி வாசகி)

பதில்: எழுதியிருந்தால் அட்டை தங்கள் வீட்டுக்கு வந்தே இருக்காது, அம்மா. போர்க்களச் சேவை அஞ்சலட்டை என்று அதற்குப் பெயர். நலமாக இருக்கிறேன், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன், உங்கள் கடிதம் கிடைத்தது, விரைவில் விரிவாக எழுதுகிறேன், நெடுநாளாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை என்பன போன்ற வரிகள் அதில் அச்சிடப்பட்டிருக்கும். பொருந்தாதவற்றை அடித்துவிட்டு, தேதியும் கையொப்பமும் மட்டும் இட வேண்டும். வேறு எதைச் சேர்த்தாலும் அட்டை அழிக்கப்படும் என்ற எச்சரிக்கை அதன் மேற்புறத்திலேயே இருக்கும், பாருங்கள். சாதாரணக் கடிதங்களையும் தணிக்கை அதிகாரிகள் படித்த பிறகே அனுப்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எழுத்தறிந்த தோழரிடம் சொல்லி எழுதுவித்தார்கள் என்பதால், மனைவிக்குச் சொல்ல நினைத்ததை முதலில் பக்கத்துக் கூடாரத்துக்காரரிடம் சொல்ல வேண்டியிருந்தது. கொள்ளுத்தாத்தா எந்த வரியை அடிக்காமல் விட்டிருக்கிறார் என்று கவனியுங்கள். அவர் எழுதிய கடிதம் அதுதான்.

கேள்வி: ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர் எங்களுடையது. எல்லையில் இருக்கும் என் மகன் தொலைபேசியில் “சாப்பிட்டேம்மா” என்பதற்கு மேல் சொல்வதில்லை. சண்டை நடக்கும் நாட்களில் அவர்களுக்கு உண்மையிலேயே சாப்பாடு கிடைக்குமா? (ஒரு தாய், கம்மவான்பேட்டை)

பதில்: கிடைக்கும், ஆனால் நேரத்துக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. முகாமில் இருக்கும்வரை ‘லங்கர்’ என்னும் பொதுச் சமையற்கூடத்தில் சூடாகவே கிடைக்கும். நம் பிள்ளைகள் சப்பாத்திக்கும் பருப்புக்கும் சில மாதங்களில் பழகிவிடுகிறார்கள். மலைமுகடுகளில்தான் கடினம். 1999 கார்கில் போரில் பல நிலைகள் 16,000 அடிக்கு மேல் இருந்தன. அங்கே ஒவ்வொரு பொருளும் ஆள் முதுகிலோ கோவேறு கழுதை முதுகிலோதான் ஏற வேண்டும். சுமக்க முடிந்த எடையோ கொஞ்சம், அதில் தோட்டாவா உணவா என்று வரும்போது தோட்டாவே முந்தியது. அவ்வளவு உயரத்தில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. குடிப்பதற்கும் பனியை உருக்க வேண்டும். போதாக்குறைக்கு, உயரம் பசியையும் குறைத்துவிடும். தங்கள் மகன் அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால், சாப்பிட்டாயா என்பதோடு தண்ணீர் குடித்தாயா, காலுறை காய்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். ஈரக் காலுறையோடு கிடந்தால் பனிக்கடியில் விரலையே இழக்க நேரிடும் என்பதால், அவனுடைய ஹவில்தாரும் அநேகமாக அதைத்தான் தினமும் கேட்டுக்கொண்டிருப்பார்.