சீட்டு இல்லாத பொமரேனியன்

ஐயா,
கொழும்பில் வீட்டு வேலை செய்த என் அத்தை, வெளிநாடு போன அந்த வீட்டம்மா கொடுத்த பொமரேனியன் நாயோடு தோட்டத்து லயத்துக்கு வந்திருக்கிறார். ஏழு கிலோ இருக்கிறது. சேர்டிபிகேட் இல்லாததால் அசல் இல்லை என்கிறார் டவுனில் நாய் விற்பவர். எப்படிக் கண்டுபிடிப்பது? முடியும் கொட்டுகிறது, மொட்டையடித்துவிடவா? எந்நேரமும் குரைக்கிறது.
வாசகர், தலவாக்கலை

தம்பி,
முதலில் கத்தரியைக் கீழே வையுங்கள். அதற்கு இரண்டு அடுக்கு முடி: உள்ளே பஞ்சு, வெளியே நீண்ட முரட்டு முடி. வழித்தால் சில நாய்களுக்குப் பழையபடி முளைப்பதே இல்லை. தலவாக்கலைக் குளிரில் அதன் கம்பளியை உருவ எப்படி மனசு வந்தது?

குரைப்பா? குரைக்கும். காவல் காத்த வம்சம்.

அசலா என்று கேட்டீர்களே, அதுதான் என்னைக் கிளறிவிட்டது. பால்டிக் கடலோரத்துப் பொமரேனியா இன்று போலந்திலும் ஜெர்மனியிலும் இருக்கிறது. பெயர் அங்கிருந்து வந்தது. ஸ்பிட்ஸ் நாய்களின் வாரிசு. கூரிய முகம், நிமிர்ந்த காது, முதுகில் சாய்ந்த வால் இன்னும் அதேதான். 1767இல் சார்லட் ராணி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவை நல்ல பெரிய நாய்கள். 1888இல் இத்தாலியில் விக்டோரியா ராணிக்குக் கிடைத்த மார்க்கோ ஐந்தரைக் கிலோவாம். ராணி ஆசைப்பட, ஊரே ஆசைப்பட்டது. சின்னதோடு சின்னதைச் சேர்த்துச் சேர்த்து இன்று மூன்று கிலோவில் நிற்கிறது. எடையை வைத்து அசல் பார்த்தால் மார்க்கோவும் அசல் இல்லை.

எங்கள் தோட்டத்துப் பங்களாவிலும் ஒன்று இருந்தது. எழுபதுகளில் அம்மா அங்கே ஆயா. மழை நாளில் அது தேயிலைக்குள் ஓடிவிட்டு வந்தால், பின்வாசல் படியில் உட்கார்ந்து பெருவிரலால் முடியை எதிர்ப்பக்கம் விலக்கி அட்டை தேடுவார். பஞ்சுக்குள் ஊதிக் கிடக்கும். உப்புத்தண்ணி பட்டால் சுருண்டு விழும். தன் காலில் ஏறியதைப் பார்க்க அவருக்கு நேரமிராது. அந்த நாயின் பரம்பரைச் சீட்டு, பாட்டன் பாட்டி பெயரோடு, சுவரில் கண்ணாடிக்குள் தொங்கியது. தூசு தட்டுவதும் அம்மாதான். இந்த மண்ணில் பிறந்த அவருக்கு ஒரு சீட்டும் இல்லை. தகப்பன் இங்கே பிறந்தானா, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்களா, காட்டு என்றது இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம். லயத்தில் எவர் வீட்டில் பூட்டனின் பதிவு இருந்தது? நாடற்று எஞ்சிய மலையகத் தமிழருக்கு வழிவிட்ட சட்டம் 2003இல் வந்தபோது அம்மா இல்லை. என்னிடம் வந்து நாய்க்குச் சேர்டிபிகேட் கேட்கிறீர்கள்!

ஏழு கிலோ கொழுப்பா என்று மட்டும் பாருங்கள். விலா எலும்பு விரலில் தட்டுப்படாவிட்டால் அத்தையிடம் பிஸ்கட்டை நிறுத்தச் சொல்லுங்கள். இந்த இனத்துக்கு முழங்கால் சில்லு நழுவும். மூச்சுக்குழலும் பலவீனம், கழுத்தில் சங்கிலி போட்டு இழுக்க வேண்டாம். கொட்டும் முடிக்குச் சீப்பு போதும்.

விசர்நாய்த் தடுப்பூசி போட்ட துண்டு இருக்கிறதா? அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே. இல்லையென்றால் இந்தக் கிழமையே போடுங்கள்.