எனக்கு வரையத் தெரியாது. வீட்டிலேயே படிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நான் ஓவியம் கற்றுத்தர முடியுமா?

முடியும். என் மகளுக்கும் அவளைப் போலவே வீட்டில் படித்த இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் நான்கு வருடம் ஓவியம் கற்றுத்தந்தேன். தொடங்கியபோது எனக்கும் வரையத் தெரியாது.

இந்த வயதில் பல பிள்ளைகள் வரைவதையே விட்டுவிடுகிறார்கள். எது சரி, எது சரியில்லை என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. கை மட்டும் பின்தங்கி நிற்கிறது. "நல்லாவே வரல" என்று தாளைக் கசக்கிவிடுகிறார்கள். அதனால் முதல் ஆறு மாதம் வண்ணம் வேண்டாம். எதிரில் இருப்பதைப் பார்த்து வரைவது மட்டும் போதும்.

நாங்கள் ஒரு முட்டையில் தொடங்கினோம். வெள்ளைத் தாள்மேல் முட்டை, பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு, எச்பி, 2பி, 6பி என மூன்று பென்சில் (எச்பியைவிட 2பியும், அதைவிட 6பியும் கறுப்பாக விழும்). வெளிக்கோடு போடக் கூடாது, நிழலாலேயே உருவம் வர வேண்டும். மகள் நிழல் பக்கத்தை விளிம்புவரை ஒரே கறுப்பாகத் தீட்டியிருந்தாள். முட்டை தட்டையாகக் கிடந்தது. "பென்சிலைக் கீழே வை, கீழ் விளிம்பை மட்டும் பாரு" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அங்கே லேசா வெளிச்சம் இருக்கும்மா" என்றாள். தாளில் பட்டுத் திரும்பி வரும் ஒளி அது. ரப்பர் நுனியால் அந்த இடத்தை லேசாக ஒற்றி எடுத்தாள். படத்தில் முட்டை உருண்டையாகத் தெரிந்தது! அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

முகம் வரையும்போதும் இதே கதைதான். கண்கள் தலையின் உயரத்தில் ஏறக்குறையப் பாதியில் இருக்கும். ஆனால் தொடக்கத்தில் எல்லாரும் மேலே தூக்கிவிடுவார்கள். நீங்கள் சொல்லித் திருத்த வேண்டாம், கண்ணாடி முன் உட்காரவைத்துப் பென்சிலால் அளக்கச் சொல்லுங்கள்.

பார்த்துப் படியெடுப்பது தப்பு என்று பிள்ளைகள் நினைப்பார்கள். வான்கோ 1880இல், இருபத்தேழு வயதில் ஓவியராக வேண்டுமென்று முடிவெடுத்து, சார்லஸ் பார்க் (Bargue) என்ற பிரெஞ்சு ஓவியர் தயாரித்த மாதிரிப் படங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தார் என்பதைச் சொல்லுங்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் இரண்டுமே தங்கள் சேகரிப்பில் லட்சக்கணக்கான படைப்புகளைத் துல்லியமான படங்களாக இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் கோடுகளைப் பெரிதாக்கிப் பார்த்தாலே ஒரு மாதப் பாடம் இருக்கிறது.

வீட்டில் மணி அடிப்பதில்லை. இரண்டு மணி நேரம் தொடர்ந்து உட்காரலாம், முட்டையும் விளக்கும் மூன்று நாள் அசையாமல் அப்படியே இருக்கலாம். பள்ளியில் இது கிடைப்பது கஷ்டம். குறை என்றால், அடுத்தவர் வரைந்ததைப் பார்க்கும் வாய்ப்பு இல்லை. அதற்காகத்தான் மற்ற இருவரையும் சேர்த்துக்கொண்டேன். மாதம் ஒருமுறை எல்லாப் படங்களையும் சுவரில் ஒட்டிப் பேசுவோம். "அழகா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். "இந்த நிழல் எங்கே முடியுது?" என்று கேளுங்கள்.

அப்புறம், எல்லாத் தாளிலும் தேதி போட்டு வையுங்கள், சரியாக வராததிலும்தான். கலைக் கல்லூரிக்குப் போக நினைத்தால் பல இடங்களில் நேரில் பார்த்து வரைந்த படங்களைக் கேட்பார்கள்.

முதல் நாள் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து அதே முட்டையை வரையுங்கள்.