விசா பத்து வருஷம், தங்குவது ஆறு மாசம்: அமெரிக்கக் குடிவரவுக் கேள்வி-பதில்

அம்மாவுக்குப் பத்து வருட விசா கிடைத்திருக்கிறது. பேரன் பிறந்ததும் ஒரு வருடம் எங்களோடு தங்கலாம்தானே?

முடியாதுங்க. விசா என்பது வாசலில் நின்று "உள்ளே வரலாமா?" என்று கேட்பதற்கான சீட்டு, அவ்வளவுதான். எத்தனை நாள் இருக்கலாம் என்பதை விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் பார்க்கும் அதிகாரிதான் முடிவு செய்வார், வருகை விசாவில் வருபவர்களுக்குப் பெரும்பாலும் 6 மாதம். அந்தத் தேதி ஐ-94 என்ற வருகைப் பதிவில் இருக்கும். சிபிபி (அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை) இணையதளத்தில் நாமே எடுத்துப் பார்க்க வேண்டும், அம்மா வந்து இறங்கிய அன்றைக்கே பாருங்கள். கூடுதலாகத் தங்க வேண்டுமென்றால் அந்தத் தேதிக்கு முன்பே ஐ-539 மனு போட வேண்டும்.

எச்-1பி (வேலை விசா) மூன்று வருடத்துக்குக் கொடுத்தார்கள், ஐ-94இல் ஒரு வருடம்தான் இருக்கிறது. தப்பாகப் போட்டுவிட்டார்களா?

உங்கள் பாஸ்போர்ட் எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அதே தேதியாகத்தான் இருக்கும். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு, அந்த ஐ-94 முடிவதற்குள் சரிசெய்யும் வழியை வக்கீலிடம் பேசுங்கள்.

பிரையாரிட்டி டேட் என்றால் என்ன? கம்பெனி மாறினால் போய்விடுமா?

ரேஷன் கடை டோக்கன் மாதிரி. கம்பெனி உங்களுக்காக லேபர் சர்டிஃபிகேஷன் (இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்ற சான்று) மனு போட்ட நாள்தான் கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடம். வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு வருடத்துக்குச் சுமார் 1,40,000, அதிலேயே மனைவி, பிள்ளைகளும் அடக்கம், பொதுவாக ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது, அதனால்தான் இந்தியாவின் வரிசை பத்து வருடத்துக்கும் மேலாக நீண்டு கிடக்கிறது. எந்தத் தேதிக்காரர் வரை முறை வந்திருக்கிறது என்று மாதாமாதம் வரும் அரசு அறிவிப்பான விசா புல்லட்டினில் தேதி முன்னேறும், சில மாதம் பின்னாலும் போகும். அந்தப் பின்வாங்கலுக்குத்தான் ரெட்ரோகிரெஷன் என்று பெயர்.

ஐ-140 (கம்பெனி உங்களுக்காகப் போடும் கிரீன் கார்டு மனு) அனுமதியாகிவிட்டால், மோசடி போன்ற காரணத்தால் அது ரத்தானாலொழிய, கம்பெனி மாறினாலும் தேதி உங்களோடு வரும். ஆனால் புது கம்பெனி லேபரையும் ஐ-140ஐயும் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.

இன்னொன்று, பலரும் கேட்காமலே விட்டுவிடுவது: இந்த வரிசை குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறது. நீங்கள் மதுரையில் பிறந்து, உங்கள் மனைவி யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ பிறந்திருந்தால், இருவருமே அந்த நாட்டின் வரிசையில் நிற்கலாம். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து இதைத் தெரிந்துகொண்டு தலையில் கை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேலை போய்விட்டது. 'அவுட் ஆஃப் ஸ்டேட்டஸ்', 'அன்லாஃபுல் பிரசன்ஸ்' இரண்டும் ஒன்றா?

இல்லை. எச்-1பியில் வேலை போனால் 60 நாள் வரை அவகாசம் உண்டு, ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். அதற்குள் புது வேலைக்கான மனுவோ வேறு விசா வகைக்கு மாறும் மனுவோ போடாமல் இங்கேயே இருந்தால் ஸ்டேட்டஸ், அதாவது விசா வகைப்படி இங்கே இருக்கும் தகுதி, போய்விடும், அதுதான் அவுட் ஆஃப் ஸ்டேட்டஸ். அன்லாஃபுல் பிரசன்ஸ், அதாவது அனுமதியின்றித் தங்கிய நாட்களின் கணக்கு வேறு, அது பொதுவாக ஐ-94 தேதி தாண்டிய பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். 180 நாளைத் தாண்டியபின் நாட்டைவிட்டுக் கிளம்பினால் 3 வருடம் திரும்ப வர முடியாது, ஒரு வருடமாகிவிட்டால் 10 வருடம்.

அட்வான்ஸ் பரோல் வேண்டும் என்கிறார்கள். நான் என்ன ஜெயிலிலா இருக்கிறேன்?

ஹா, பெயர் அப்படி. ஐ-485 (இங்கிருந்தபடியே கிரீன் கார்டு கேட்டு நீங்கள் போடும் கடைசிக் கட்ட மனு) நிலுவையில் இருக்கும்போது வெளிநாடு போய்த் திரும்புவதற்கான முன் அனுமதி இது. இது இல்லாமல் கிளம்பினால் மனுவைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். எச்-1பி, எல்-1 (கம்பெனிக்குள் இடமாற்றத்தில் வருபவர்களுக்கான விசா) செல்லுபடியாக வைத்திருந்து அதிலேயே திரும்புபவர்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் மனு போட்டால் மட்டும் போதாது, அனுமதி கைக்கு வரட்டும், ஊருக்கு டிக்கெட்டை அப்புறம் போடுங்கள்.