வால்வை மாற்றுமுன் ஹோஸைப் பாருங்கள்: டிஷ்வாஷர் கேள்வி பதில்

காரைக்குடியில் வாஷிங் மெஷின் ரிப்பேரில் ஆரம்பித்தவன் நான். 2020 ஊரடங்குக்கு அப்புறம் டிஷ்வாஷர் வேலைதான் பாதி நாளை எடுத்துக்கொள்கிறது. சுற்று வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இங்கே. மூடியைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்குங்கள், குழாயை மூடுங்கள். ஒவ்வொரு பதிலிலும் இதைத் திரும்பச் சொல்ல மாட்டேன்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி: தம்பி, மெஷினைப் போட்டால் தண்ணீர் பிடிக்கிற சத்தம் நிற்காமல் கேட்கிறது. ஆனால் கழுவவே தொடங்குவதில்லை. கொஞ்ச நேரத்தில் ஏதோ எழுத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. தண்ணீரை உள்ளே விடுகிற இன்லெட் வால்வு போய்விட்டது என்கிறார்கள். மெஷின் இரண்டாங்கட்டில் இருக்கிறது.

வால்வுக்குக் காசு கொடுக்காதீர்கள் ஆச்சி. முதலில் கழிவு ஹோஸ் எப்படிப் போகிறது என்று பாருங்கள். தரையோடு தரையாக இழுத்து, முற்றத்துச் சாக்கடைத் துவாரத்தில் செருகியிருப்பார்கள். பழைய வீடுகளில் சமையலறைச் சுவரை உடைக்க மனசு வராமல் எல்லோரும் செய்கிற வேலை இது.

மண்ணெண்ணெய் டின்னில் டியூபை விட்டு ஒரு உறிஞ்சு உறிஞ்சினால், அப்புறம் அதுவாக ஒழுகுமே, அதே கதைதான் இங்கும். மெஷின் பெரும்பாலும் முதல் வேலையாக மிச்சத் தண்ணீரை வெளியே தள்ளும். அதில் ஹோஸ் நிறைந்துவிட்டால், தாழ்வாகக் கிடக்கிற முனை மேலே இருக்கிற தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். மெஷின் பிடிக்கப் பிடிக்கத் தண்ணீர் முற்றத்துக்குப் போய்விடும். இப்படி ஒரு வீட்டில் நான் துவாரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு டம்ளரில் பிடித்துப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கில்லை, சூடில்லை, குடிக்கிற தண்ணீர் மாதிரி சில்லென்று வந்தது. கழுவின தண்ணீராக இருந்தால் அப்படியா இருக்கும்?

ஹோஸைத் தரையிலிருந்து குறைந்தது 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு வளைத்துக் கட்டிவிட்டுக் கீழே இறக்குங்கள். ஒரு மீட்டருக்கு மேலே போக வேண்டாம், பம்பு திணறும். முனை துவாரத்தை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது, சுற்றிலும் காற்று போக இடம் வேண்டும்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் தண்ணீர் அழுத்தம். ஓட்டு வீட்டில் தொட்டி குழாய்க்கு மேலே இரண்டு மீட்டரில் இருந்தால் அழுத்தம் 0.2 பார் (அழுத்தத்தை அளக்கிற அலகு) தான் கிடைக்கும். பல வால்வுகளுக்கு 0.3 முதல் 0.5 வரை வேண்டும். குழாயை முழுதாகத் திறந்து 10 லிட்டர் வாளியை வையுங்கள். ஒரு நிமிஷத்தில் நிறையாவிட்டால் குறை மெஷினில் இல்லை. இன்லெட் ஹோஸ் மெஷினோடு சேருகிற இடத்தில் சின்னச் சல்லடை ஒன்று இருக்கும், அதில் மணல் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தேவகோட்டைக்காரர் ஒருவர்: கண்ணாடி டம்ளரெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. மாசம் தவறாமல் வீட்டுக் கல் உப்புப் போடுகிறேன்.

அந்தக் கல் உப்பிலேயே பாதி வினை இருக்கிறது அண்ணே. உப்புத் தொட்டி பாத்திரத்தைக் கழுவுவதற்கு இல்லை. உள்ளே தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது கரைந்திருக்கிற சுண்ணாம்புச் சத்தை, இழுத்துக்கொள்கிற ரெசின் சின்னச் சின்ன மணியாக இருக்கிறது. அது களைத்துப் போகும்போது உப்புத் தண்ணீரால் அலசித் திரும்ப உயிர் கொடுக்கிறார்கள். கடைக் கல் உப்பில் மண்ணும் அழுக்கும் வரும், தூள் உப்பில் அயோடினும் கட்டி தட்டாமலிருக்கச் சேர்த்த பொருளும் இருக்கும். எல்லாம் சேர்ந்து ரெசினை அடைக்கும். டிஷ்வாஷர் உப்பு என்றே கேட்டு வாங்குங்கள். போடும்போது சிந்தினால் உடனே ஒரு ஓட்டம் விடுங்கள், இல்லாவிட்டால் உப்பு பட்ட இடம் துருப்பிடிக்கும்.

அடுத்தது செட்டிங். சம்பை ஊற்றுத் தண்ணீர் வருகிற காரைக்குடி வீட்டுக்கும் போர் தண்ணீர் வீட்டுக்கும் ஒரே செட்டிங் நம்பரை வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடினத்தன்மையை அளந்து நம்பரை வையுங்கள். டிடிஎஸ் மீட்டர் காட்டுவது தண்ணீரில் கரைந்த எல்லாவற்றையும் சேர்த்து, இது வேறு. பரிசோதனை சீட்டில் கடினத்தன்மை பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) என்று இருந்தால் 17.8-ஆல் வகுங்கள், மெஷின் புத்தகத்தில் சொல்கிற ஜெர்மன் டிகிரி வந்துவிடும்.

டம்ளரை வினிகரில் துடைத்துப் பாருங்கள். போனால் அது சுண்ணாம்புப் படிவு. போகாவிட்டால் கண்ணாடியே அரித்துவிட்டது, அந்த டம்ளருக்கு வைத்தியமில்லை.

பள்ளத்தூரிலிருந்து: கழுவி முடிந்ததும் அடியில் அழுக்குத் தண்ணீர் நிற்கிறது. ஃபில்டரைச் சுத்தம் செய்துவிட்டேன்.

சுத்தம் செய்தபின் திருகிப் பூட்டினீர்களா? சும்மா உட்கார வைத்தால் இடுக்கு வழியாகத் தூசு தும்பெல்லாம் பம்புக்குப் போய்விடும். நம் ஊர்க் குழம்பில் போகிற சாமான் கொஞ்சமா? கல்பாசி, பட்டைச் செதில், ஏலக்காய்த் தோல், கறிவேப்பிலை ஈர்க்கு. தண்ணீரை மொண்டு எடுத்துவிட்டு, ஃபில்டர் குழிக்குள் இருக்கிற பம்பு மூடியைக் கழற்றுங்கள். உள்ளே விசிறி மாதிரி ஒரு சின்னச் சக்கரம் தெரியும். ஒரு குச்சியால் தள்ளிப் பாருங்கள், தடுக்கித் தடுக்கியாவது சுற்ற வேண்டும். வெறும் விரலை விடாதீர்கள், உடைந்த கண்ணாடிச் சில் கிடக்கும். நான் எடுத்ததில் அதிகம் வந்தது கறிவேப்பிலை ஈர்க்குத்தான். நூல் மாதிரி அச்சில் சுற்றிக்கொண்டிருக்கும். கல்பாசி ஊறினால் ஈரத் துணி மாதிரி ஆகிவிடும், சல்லடையை மூடிக்கொள்ளும்.

இதற்காகப் பாத்திரத்தைக் கழுவிவிட்டு மெஷினில் போட வேண்டாம். சக்கையைத் தட்டினால் போதும்.

ஒரு தம்பி: பிளாஸ்டிக் டப்பா மட்டும் காய்வதில்லை.

காயாது. எவர்சில்வர் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு தானே உலரும், பிளாஸ்டிக்கில் சூடு நிற்காது. ரின்ஸ் எய்ட் (கடைசி அலசலில் தண்ணீர் ஒட்டாமல் வழிய வைக்கிற திரவம்) ஊற்றி, முடிந்ததும் கதவைக் கொஞ்சம் திறந்து விடுங்கள்.

புதுவயலிலிருந்து ஒரு அக்கா: டிஷ்வாஷர் சோப்பு மாத்திரை தீர்ந்துவிட்டது என்று கையால் விளக்குகிற லிக்விடை ஊற்றிவிட்டேன். நுரை கதவு வழியாக ஆத்தங்குடிக் கல்லில் வந்துவிட்டது. இப்போது ஆன் செய்தாலே பம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் பிடிக்க மாட்டேன் என்கிறது.

மெஷின் கெடவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது அக்கா. அடித்தட்டில் ஒரு மிதவை இருக்கிறது. அங்கே கசிந்த தண்ணீர் சேர்ந்து மிதவை உயர்ந்தால், தண்ணீரை நிறுத்திவிட்டுப் பம்பை ஓட விடும். குழாயை மூடிவிட்டு, இரண்டு பேர் பிடித்துக் கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்த்தால் அந்தத் தண்ணீர் வடியும். கனமான மெஷினாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கி ஒன்றிரண்டு நாள் காய விடுங்கள். உள்ளே நுரையைக் கையால் அள்ளிவிட்டு, ஒரு டம்ளர் வினிகர் ஊற்றி, கேன்சல் பட்டனை அமுக்கி வெளியேற்றுங்கள். நுரையே இல்லாமல் மறுபடியும் மிதவை தூக்கினால் வேறெங்கோ கசிவு, ஆளைக் கூப்பிடுங்கள்.

தரையில் வினிகர், ஆசிட் எதுவும் படக் கூடாது. ஆத்தங்குடிக் கல் சூளையில் வெந்ததில்லை, சிமென்ட். புளிப்பு பட்டால் பளபளப்பு போய்விடும். வெறும் தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் தேங்காய் எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுங்கள்.

கேள்வி: ஓடத் தொடங்கி 15 நிமிஷத்தில் வீட்டு டிரிப்பர் விழுகிறது. தூக்கி விட்டால் மறுபடி அதே நேரத்தில் விழுகிறது.

தண்ணீரைச் சூடு செய்யத் தொடங்குகிற நேரம் அது. ஹீட்டர் 2000 வாட் அளவில் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட்டில் இல்லாமல் நீட்டிப்பு வயரில் போட்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். சாக்கெட் சரியாக இருந்தும் விழுந்தால் ஹீட்டரில் எர்த் கசிவு, அதாவது கரண்டு மெஷின் உடம்புக்கு ஒழுகுவது, இருக்கலாம். இதில் மட்டும் நீங்கள் கை வைக்க வேண்டாம். டிரிப்பரை மாற்றிப் பெரிதாகப் போடச் சொல்கிற எலக்ட்ரீஷியனையும் நம்ப வேண்டாம்.

கேள்வி: ஈயச்சொம்பு, மங்குச் சாமான் போடலாமா?

ஈயம், பித்தளை, அலுமினியம் எதுவும் வேண்டாம், மாத்திரையில் இருக்கிற காரம் கறுக்க வைத்துவிடும். அப்பத்தா வைத்துவிட்டுப் போன மங்குத் தட்டுக்கும் கைதான் நல்லது, பூப்போட்ட வண்ணம் மங்கிவிடும்.

சிங்கப்பூரிலிருந்து ஓர் அண்ணன்: ஊர் வீட்டைப் பத்து மாசம் கழித்து முன்னோர் படைப்புக்காகத் திறந்தோம். மெஷின் உறுமுகிறது, தண்ணீர் வெளியேறவில்லை.

உறுமினால் மோட்டாருக்குக் கரண்டு போகிறது, சக்கரம்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளத்தூர்க்காரருக்குச் சொன்னபடி மூடியைக் கழற்றித் தள்ளி விடுங்கள், பாதி கேஸ் அங்கேயே தீர்ந்துவிடும். ஓட விடுமுன் டார்ச் அடித்துப் பின்பக்க ஹோஸையும் வயரையும் பாருங்கள். பூட்டிய வீட்டில் எலி கடிக்காமல் விட்டிருந்தால் ஆச்சரியம். வயர் கடிபட்டிருந்தால் ஆன் செய்யவே வேண்டாம்.

திரும்பிப் போகும்போது கடைசியாக ஒரு ஓட்டம் வெறுமனே சூட்டில் விட்டு, குழாயை மூடி, ஃபில்டரைக் கழற்றிக் காய வைத்துவிட்டுப் போங்கள். கதவு இடுக்கில் ஒரு மடித்த துண்டைச் செருகினால் போதும், ரப்பர் ஒட்டாது, நாற்றமும் வராது. முற்றத்துப் பக்கம் இருக்கிற ஹோஸ் வாயில் இரும்பு வலையைச் சுற்றிக் கம்பியால் கட்டுங்கள். கொசுவலையைக் கட்டிவிட்டுப் போன வீட்டில் எலி அந்த வலையையும் சேர்த்துத் தின்றிருந்தது.